அரை மணிக்கு ஒரு தண்ணீர்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் வெறும் அவசரக்காரன். குளிரைக் கண்டுபிடித்தவன்தான் மனிதகுலத்தின் முதல் அறிவாளி. உறைந்துபோன ஒன்றை இந்த உலகத்தில் எந்தச் சக்தியாலும் அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது.

இது மெக்கானிக்கின் முடிவான கருத்து. இருபத்தாறு வருடங்களாக ஃப்ரிட்ஜ்களின் முதுகைக் கழற்றிப் பார்த்து அவர் அடைந்த ஞானம். ஞானம் அடைந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. இவருக்கு அந்தப் பக்கவிளைவு ஏற்படவில்லை.

"ஃப்ரீஸர்லேர்ந்து கறியை எடு. கீழ்த்தட்டுல வை. ஒரு நாள் அதை மறந்துடு. அது தானா இளகும். அதான் முறை" என்பார்.

முறைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மனைவி டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பிரேக் போடாத இடத்திலெல்லாம் தான் பிரேக் போட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பும்போதுதான், ராத்திரிக்கு என்ன சமைப்பது என்ற கேள்வியே அவளுக்கு எதிரில் வந்து நிற்கும். நாளைக்கு எதைச் சமைப்போம் என்று இன்றைக்கே தெரிந்துவைத்திருப்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமில்லை. அதனால் கறிப் பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் கட்டி, பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, அதில் முக்கி வைப்பாள். அரை மணிக்கு ஒருதரம் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுவாள்.

மெக்கானிக் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"குளிப்பாட்டியாச்சா? சோப்பு ஒண்ணுதான் பாக்கி. எடுத்துத் தரவா?"

இந்த ஒரே நகைச்சுவையை அவர் பதினெட்டு வருடங்களாகச் சொல்லி வந்தார். எதையும் கெடாமல் வைத்திருப்பது அவர் தொழில்.

கறிக்குச் சொன்ன அதே முறையைத்தான் அவர் கோபத்துக்கும் வைத்திருந்தார். "போய்ப் போய்க் கிளறக் கூடாது. அவனா வரட்டும். தானா இளகும்." இதை நான்கு வருடங்களாகச் சொல்லி வருகிறார்.

அந்த நான்கு வருடக் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மெக்கானிக்கும் அவர் தம்பி சின்னவனும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். குளிர் இயந்திரத்தில் ஒரு நட்டை முறுக்கி முடித்தால், முறுக்கியவர் அதன் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அண்ணனுக்கு நீலம், தம்பிக்குச் சிவப்பு. 'இதற்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட நட்டில் இடம் இல்லை அல்லவா, அதற்காக. ஒரு நாள் ஒரு பேக்கரியின் குளிர் அறையில் கேஸ் கசிந்து, விடியும்போது மூன்றடுக்குக் கல்யாண கேக் ஓரடுக்காகியிருந்தது. அண்ணன் போய் நின்றார். எந்த நட்டையும் பார்க்கவில்லை. பத்துப் பேர் முன்னால், "இது என் தம்பி கைவேலை. இவன் முறுக்கினா எது நிக்கும்?" என்றார். சின்னவன் ஸ்பேனரைக் கல்லாமேசை மேல் வைத்துவிட்டு நடந்தான். அப்படியே ஊரை விட்டும் போய்விட்டான். பேக்கரிக்காரர் அன்று மதியமே வேறு ஆளைக் கூப்பிட்டுப் புது இயந்திரம் வைத்துக்கொண்டார்.

போன வாரம் அதே பேக்கரிக்கு வேறு வேலையாகப் போன மெக்கானிக், கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய இயந்திரத்தைப் பார்த்தார். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் கசிந்து கறை கட்டியிருந்த பித்தளை நட்டைக் குனிந்து துடைத்தார். பொட்டு இருந்தது.

நீலம்.

அந்த நட்டு அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாறும்போது நட்டும் மாறும். யாரிடமும் சொல்லவில்லை.

இனி, இந்த வியாழக்கிழமை.

மதியம் மூன்று மணி. மெக்கானிக் தாமதமாகச் சாப்பிட வந்து, சாப்பிட்டு முடித்து, மேசையிலேயே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். எதிரில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மூன்றாம் வருடம், வீட்டில் அவருக்குப் பிறகு அதிகம் பேசுகிறவள். நாலு மணி வரை வகுப்பு இல்லாததால் அன்று வீட்டில் இருந்த மனைவியின் போன் சமையலறையில் அடித்தது.

"ஹலோ... ஆமாப்பா... என்னது, இன்னைக்கா?"

அவள் குரல் ஒரு படி இறங்கியது. குரல் இறங்கினால் காது நீளும் என்பதால் மேசையில் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள்.

"இதென்ன கேள்வி, வாப்பா. ஏழரைக்குத்தானே? சமைக்கிறேன். கண்டிப்பா சமைக்கிறேன். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"சின்னவன்தான். ஊருக்கு வந்திருக்கானாம். தூர தேசத்துல வேலை கெடைச்சிருக்காம். நாளைக்குக் காலைல விமானம். திரும்ப மூணு வருஷம் ஆகுமாம். ராத்திரி சாப்பிட வரலாமான்னு கேட்டான்."

மெக்கானிக் பல் குத்துவதை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் மாறியது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? தானா வரும்னு."

"'அண்ணி, உங்க கையால கறி சாப்பிட்டு நாலு வருஷம் ஆச்சு'ன்னான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு நேராக ஃப்ரீஸரைத் திறந்தாள்.

அங்கேதான் விஷயம் இருந்தது.

மற்ற வீடுகளில் ஃப்ரீஸர் என்பது ஒரு சாதனம். மெக்கானிக் வீட்டில் அது ஒரு கௌரவம். கடையில் வாங்கியதை அவர் பிரித்து மேய்ந்து, மைனஸ் இருபத்தெட்டு வரை இழுத்துப்போகிற மாதிரி செய்து வைத்திருந்தார். அதில் வைத்த ஐஸ்கிரீமை மகள் ஸ்க்ரூடிரைவரால்தான் சாப்பிடுவாள். மனைவி எப்போதும் கறியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து, தட்டையாகப் பரப்பி வைப்பாள். சீக்கிரம் இளகும் என்று. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்தவர் மெக்கானிக். "அப்பளமா இடுறோம்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கிலோவையும் ஒரே பையில் போட்டு, கழுத்தைத் திருகி, உள்ளே தள்ளியிருந்தார்.

மனைவி அதைத் தூக்கி வந்து மேசை மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. டம்ளர்கள் குதித்தன.

"இது என்னங்க?"

"கறி."

"வாசப்படிக்குக் கீழ வைக்கலாம் போல இருக்கு."

"என் ஃப்ரீஸரோட திறமை அது" என்றார் மெக்கானிக். அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பதற்கில்லை.

"கறிக்கடைக்கு இன்னைக்கு லீவு" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான் சும்மா தகவல் சொல்றேன்."

மனைவி இன்னொரு பையைப் போட்டு இறுகக் கட்டி, பெரிய பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, பாறையை முக்கினாள். மிதக்கப் பார்த்தது. மேலே ஒரு தட்டையும் அதன் மேல் ஒரு தண்ணீர்ச் செம்பையும் வைத்து அழுத்தினாள்.

"நாலு மணிக்கு எனக்கு கிளாஸ். அந்த அக்காவுக்கு நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். மூணாவது தடவை. நான் போகலைன்னா அழுதுடும். ஆறரைக்கு வந்துடுவேன். அரை மணிக்கு ஒருதரம் தண்ணி மாத்துங்க. பச்சைத் தண்ணி. சுடுதண்ணி ஊத்தக் கூடாது, வெளிய வெந்துரும், உள்ள கல்லாவே இருக்கும். புரிஞ்சுதா?"

"என்னைப் பாத்தா சொல்றே? நான் யாரு?"

"அதனாலதாங்க சொல்றேன்."

மகள் போனில் அரை மணிக்கு ஒரு அலாரம் வைத்தாள். "நான் மாத்துவேன்னு யாரும் நெனச்சுக்க வேணாம். எனக்குப் பரீட்சை. நான் மணி அடிக்கிற ஆள் மட்டும்தான்."

மனைவி போய்விட்டாள்.

மெக்கானிக் அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். ஏழரை மணிக்கான திட்டம் அவரிடம் தயாராக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. கூடத்து நாற்காலி. கையில் பேப்பர். தம்பி உள்ளே வந்ததும் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, "வா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை எந்தச் சுருதியில் சொல்வது என்பதில் குழப்பம் இருந்தது. "வா" என்று அழுத்திச் சொன்னால் போலீஸ் மாதிரி இருந்தது. "வாஆ" என்று இழுத்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. நடுவில் ஒன்று வேண்டும்.

நட்டைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு ஒத்திகையே இல்லை. வாயைத் திறந்து பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரும் வாயைத் திறந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை.

அலாரம் அடித்தது.

"அப்பா, தண்ணி!"

"அதெல்லாம் உங்கம்மா வழி. எனக்குன்னு ஒரு வழி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் பட்டறைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டிப்போன குழாய்களை உருக்க வைத்திருக்கும், சுடுகாற்றுத் துப்பும் மெஷின் இருந்தது.

உறைந்ததை எந்தச் சக்தியாலும் அவசரப்படுத்தக் கூடாது என்ற கருத்து இந்த இடத்தில் சற்று ஓய்வெடுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு மகள் வந்து நின்றாள். கூடவே வாசனையும் வந்தது.

"அப்பா."

"ம்."

"அது கறி. கண்டென்சர் இல்ல."

நிறுத்திப் பார்த்தார். பை ஒரு மூலையில் சுருண்டுபோயிருந்தது. அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறி சாம்பல் நிறமாகியிருந்தது. விரலால் பக்கத்தில் அழுத்தினார். கல்.

மகள் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நிறுத்துங்கக்கா, ஓரமா நிறுத்துங்க, அது ஓரம் இல்ல, அது பூச்செடி" என்று மனைவியின் குரல் வந்தது. பிறகு, "என்னாச்சு?"

"அப்பா கறியை சர்வீஸ் பண்ணிட்டாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இண்டிகேட்டர் மட்டும் டக் டக் என்று கேட்டது.

"அந்த மூலையை வெட்டி எறிஞ்சுடுங்க. வேற பையில போடுங்க, காத்தை எல்லாம் வெளிய தள்ளிக் கட்டுங்க. திரும்பத் தண்ணில வைங்க. ஓரம் இளக ஆரம்பிச்சதும் கையால மூணா பிரிச்சு மூணு பையில தட்டையா போடுங்க. தட்டையா இருந்தா சீக்கிரம் இளகும்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னங்க."

"சொல்லு."

"அவன் கேட்டது கறி இல்லைங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

போன் அணைந்துவிட்டது. அல்லது அந்த அக்கா வண்டியை எடுத்துவிட்டாள்.

மகள் அவரைப் பார்த்தாள். அவர் பாத்திரத்தைப் பார்த்தார்.

"போய்ப் படி" என்றார்.

நாலே முக்காலுக்கு முதல் தண்ணீர் மாற்றினார். யாரும் பார்க்கவில்லை. தண்ணீரில் கை வைத்தபோது குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. இருபத்தாறு வருடம் குளிரோடு வேலை; ஆனால் அது எப்போதும் ஒரு கருவியின் முள்ளில்தான் அவருக்குத் தெரியவந்திருக்கிறது. இவள் இதையா வாரத்துக்கு மூன்று நாள் செய்கிறாள்?

ஐந்தேகாலுக்கு இரண்டாவது. மகளின் அலாரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மாற்றிவிட்டார். அலாரம் அடித்தபோது, "ஆச்சு" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது. ஓரத்தில் விரல் கொஞ்சம் உள்ளே போனது. அந்த ஒரு சின்ன அமுக்கத்துக்கு அவர் முகம் மலர்ந்த விதத்தை, ஒரு கம்ப்ரஸர் உயிர் பெற்றபோதுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நெஞ்சுக்கூட்டில் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மடக்கி மடக்கிப் பிரித்தார். இரண்டு துண்டு தனியாக வந்தது. நடுப்பகுதி மட்டும் முஷ்டி அளவுக்கு இறுகி நின்றது. மூன்றையும் மூன்று பையில் போட்டுப் பரப்பினார். அப்பளம் மாதிரி.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சட்டை மாற்ற வேண்டும். பேப்பரைத் தேட வேண்டும். "வா"வை முடிவு செய்ய வேண்டும்.

காலிங் பெல் அடித்தது.

மகளின் நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு, "சித்தப்பா!" என்று ஒரு கத்தல். அதற்குப் பிறகு வந்த குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அதே குரல்தான்.

"உங்கப்பா எங்க?"

"குளிப்பாட்டிட்டு இருக்காரு."

"யாரை?"

மெக்கானிக் ஓட இடம் பார்த்தார். சமையலறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் சின்னவன் வந்து நின்றான்.

முன்நெற்றி ஏறியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஒரு பழப் பை. அவன் பார்த்தது இது: பழைய பனியன் மேல் பொத்தான் போடாத வேலைச் சட்டை, வயிறு வரை நனைந்த ஈரம், முழங்கை வரை சுருட்டிய கை, அந்தக் கையில் கறிப் பை.

"அண்ணே... நீயா?"

இத்தனை ஒத்திகைக்குப் பிறகு மெக்கானிக்கின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏழரைன்னு சொன்னே?"

"சொன்னேன். மத்தவங்க ஏழரைக்கு வருவாங்க. நான் முன்னாடி வந்துட்டேன். உன்னைத் தனியா பாக்கலாம்னு."

மகள் இந்த வரியைக் கேட்டதும், தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே படிக்கப் போனாள்.

மத்தவங்க யார் என்று மெக்கானிக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. குழாயை மூடினார். மூடிய பிறகு சமையலறை மிகவும் அமைதியாகிவிட்டதால் திரும்பத் திறந்தார்.

"உக்காரு."

"பரவால்ல."

"உக்காருடா."

சின்னவன் சமையலறை முக்காலியை இழுத்து உட்கார்ந்தான். அது முன்பு அவன் உட்காருகிற முக்காலிதான். ஒரு கால் ஆடும். ஆடாமல் எப்படி உட்காருவது என்பது உடம்புக்கு ஞாபகம் இருந்தது.

"என் சட்டைப் பையில கை விடு" என்றார் மெக்கானிக்.

"என்ன?"

"எனக்குக் கை ஈரம். கறித் தண்ணி. நீயே எடு."

சின்னவன் எழுந்து வந்து, அண்ணன் நெஞ்சுப் பக்கம் தயங்கித் தயங்கி இரண்டு விரலை விட்டான். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான்.

மெக்கானிக் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். குழாய் இதற்கு முன் இவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டதில்லை.

"பேக்கரி கொல்லைல கெடந்துது. போன வாரம் பாத்தேன். பொட்டு என்னுது. நான் சரியா முறுக்கல. கசிஞ்சது அதுலதான். உன்னைச் சொன்னேன். பத்துப் பேர் முன்னாடி சொன்னேன். நீ எதுவும்... நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்."

வாக்கியங்கள் ஒழுங்காக வரவில்லை. ஆனால் எல்லாம் வந்துவிட்டது.

சின்னவன் நட்டைக் கட்டைவிரலால் தடவினான்.

"தெரியும்ணே."

குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்குக் காலைல உனக்கு முன்னாடி போனது நான்தானே? எண்ணெய் எங்க கசியுதுன்னு பாத்துட்டேன். நீலம். நீ வந்ததும் ஓரமா கூப்பிட்டுச் சொல்லலாம்னு நின்னேன். அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சுட்டே."

"அங்கயே சொல்லியிருக்க வேண்டியதுதானேடா!"

"பத்துப் பேர் நின்னாங்கண்ணே."

அதை அவன் ஒரு காரணமாகச் சொன்னான். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

மெக்கானிக் புறங்கையால் மூக்கைத் துடைக்கப் போய், கையில் இருப்பது என்ன தண்ணீர் என்று ஞாபகம் வந்து, தோளில் துடைத்துக்கொண்டார்.

"நீ போய் அந்த நட்டைப் பாப்பேன்னு நெனச்சேன்" என்றான் சின்னவன். "ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் ஒரு மாசம். நீ பாக்கவே இல்ல. அதுலதான் எனக்குக் கோபம். சொன்னதுல இல்ல."

"இளகட்டும்னு விட்டேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

சின்னவன் கழுத்தை நீட்டிப் பாத்திரத்தைப் பார்த்தான். "இதென்ன மூணு பையில? அண்ணி வேலையை நீ பண்றே? 'சோப்பு எடுத்துத் தரவா'ன்னு கேப்பியே?"

"டேய், நடு மட்டும் இன்னும் விடல. மத்த ரெண்டும் ஆயிடுச்சு. பாரு, அமுக்கிப் பாரு."

இரண்டு பேரும் குனிந்து, மாறி மாறிக் கறியை அமுக்கிப் பார்த்தார்கள். நான்கு வருடங்களுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் பழுதுபார்க்கும் வேலை அதுதான். சின்னவன் பையைத் திருப்பிப் போட்டான். "இந்தப் பக்கம் தண்ணி படல" என்றான். படவில்லைதான்.

ஆறரைக்கு மனைவி வந்துவிட்டாள். வாசலில் புதுச் செருப்பைப் பார்த்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே சமையலறைக்கு வந்தாள். இரண்டு முதுகுகள் தொட்டிப் பக்கம் குனிந்திருப்பதைப் பார்த்தாள். சின்னவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"இளைச்சுட்டே."

"கொழுத்துட்டேன் அண்ணி."

"அதைத்தான் சொன்னேன். தள்ளு ரெண்டு பேரும். அந்த அக்கா இன்னைக்கு ரிவர்ஸ் எடுத்துச்சு, நம்பவே மாட்டீங்க." இளகிய இரண்டு பையையும் பிரித்து, அடியில் கட்டி இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். இல்லை. கணவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் வெங்காயக் கூடையைப் பார்த்தார். குக்கர் அடுப்பில் ஏறியது. வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாசனை வந்ததும் மகளின் படிப்பு முடிந்துவிட்டது; அவளும் வந்து வாசலில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணி, காரம் கொஞ்சம் கம்மியா" என்றான் சின்னவன். "கறி நல்லா குழைய வெந்துடணும்."

"ஏன்டா, உனக்கு வயித்துல ஏதாவது கோளாறா?" என்றார் மெக்கானிக்.

"எனக்கில்லண்ணே." அவன் முக்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டான். நட்டை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தான். "ஏழரைக்கு வர்றவங்கன்னு சொன்னேன்ல? ஒண்ணு, நான் கட்டிக்கிட்டவ. இன்னொண்ணுக்கு இப்பதான் எட்டுப் பல்லு முளைச்சிருக்கு."

மெக்கானிக் கையில் எடுத்த வெங்காயத்தைத் திரும்பக் கூடையிலேயே வைத்தார்.

"எட்டா?" என்று திரும்பினாள் மனைவி, கையில் கரண்டியோடு. "போன மாசம் ஆறுன்னுதானே சொன்னே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கரண்டி அப்படியே நின்றது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். சின்னவன் தரையைப் பார்த்தான். மெக்கானிக் மட்டும் மெதுவாக எல்லோரையும் பார்த்தார்.

"போன மாசம்" என்றார்.

"மாசம் ஒருதரம் பேசுவேங்க" என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்ததே தவிர, பயம் இல்லை. "நாலு வருஷமா. 'அண்ணன்கிட்ட நானே வந்து சொல்றேன் அண்ணி, நீங்க சொல்லிடாதீங்க'ன்னான். சும்மா விட்டா விட்டே போயிடும்னு எனக்குப் பயமா இருந்துது. அதான்."

தானா வரும் என்று மூன்று மணிக்குத் தான் சொன்னது மெக்கானிக்கின் காதில் திரும்பக் கேட்டது. மாதம் ஒருதரம். நாற்பத்தெட்டு தரம். அரை மணிக்கு ஒருதரம் மாற்றும்போதே முழங்கை வரை குளிர் ஏறுகிறது.

"என்ன குழந்தை?" என்று கேட்டார். குரல் எந்தச் சுருதியிலும் இல்லை.

"பொண்ணு" என்றான் சின்னவன். "கோபம் வந்தா பேசாது. சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கும். நாங்க போய்க் கூப்பிடுற வரைக்கும் திரும்பாது. உன்னை மாதிரியே இருக்குன்னு அண்ணிகிட்ட சொன்னேன்."

மெக்கானிக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் தொட்டி இருந்தது. தொட்டியில் பாத்திரம் இருந்தது. பாத்திரத்தில் கடைசிப் பை, இன்னும் இளகாத நடுப்பகுதி. அலாரம் அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவர் பழைய தண்ணீரைக் கொட்டினார். குழாயைச் சின்னதாகத் திறந்து, புதுத் தண்ணீர் பிடித்தார். பையின் அடியில் ஒரு கை கொடுத்து, மெல்லத் தூக்கி, தண்ணீர் படாத பக்கத்தைத் திருப்பி வைத்தார். எட்டுப் பல்லால் கடிக்க வேண்டிய கறி.

மகள் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"சோப்பு எடுத்துத் தரவாப்பா?"

பதினெட்டு வருடமாக இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கண்டுபிடித்ததில்லை. மெக்கானிக் பையின் மேல் குனிந்தார். விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். லேசாக உள்ளே போனது.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. யாரோ ஒரு சின்ன ஆள், தூக்கம் கலைந்த மாதிரி, ஓங்கி அழுதது.

சின்னவன் எழுந்திருக்கப் போனான்.

"நீ உக்காரு" என்றார் மெக்கானிக். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வாசல் பக்கம் நடந்தார். இரண்டடி போனவர் நின்று, மகளிடம் தலையைத் திருப்பி, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அரை மணில நான் வரலைன்னா, நீ மாத்திடு."